பாக்கியத்தின் ஐந்து கேள்விகள்

1. வெள்ளிக்கிழமை வந்த காகிதம்

கோலார் தங்கவயலில் மாரிக்குப்பம் ரயில் நிலையம் உள்ளது. விடியற்காலையில் அங்கிருந்து பெங்களூருக்கு ரயில் புறப்படும். ரயிலில் எப்போதும் கூட்டம்தான். தங்கச் சுரங்கம் 2001-ஆம் ஆண்டு மூடப்பட்டது. அதன் பிறகு இந்த ஊர் மக்கள் பலருக்குப் பெங்களூரில்தான் வேலை.

ராஜேந்திரனும் அந்த ரயிலில் போகிறவர்தான். கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிப்பது அவர் தொழில். அவர் மனைவி பாக்கியம். வயது 42. கூடையில் கீரை வைத்து விற்கிறார். மகள் மலர் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். பாக்கியம் சிறு வயதில் பள்ளிக்குப் போனதில்லை. இரண்டு ஆண்டுகளாக மாலை வகுப்புக்குப் போய்த் தமிழ் படிக்கிறார். கணக்கும் போடுகிறார்.

ஒரு நாள் காலை பாக்கியம் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று வலது கை வெட்டி வெட்டி இழுத்தது. பிறகு உடம்பு முழுதும் இழுத்தது. கீழே விழுந்தார். நினைவு தப்பியது. யாரோ ஓடி வந்து கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். சிறிது நேரத்தில் வலிப்பு நின்றது.

அரசு மருத்துவமனையில் டாக்டரம்மா பாக்கியத்தைப் பார்த்தார். மாத்திரை கொடுத்தார். தலைக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். வெள்ளிக்கிழமை ஸ்கேன் எடுத்தார்கள். மாலையில் ஓர் உறை கையில் வந்தது. உள்ளே பெரிய கறுப்புப் படம் ஒன்று. இரண்டு பக்கக் காகிதம் ஒன்று. காகிதம் முழுதும் இங்கிலீஷ்.

"டாக்டரம்மா செவ்வாய்க்கிழமைதான் வருவாங்க. அப்போ கொண்டு வாங்க" என்று சொல்லி அனுப்பினார்கள்.

நடுவில் மூன்று நாள் இருந்தது.

2. பாதி படித்த பயம்

எதிர்வீட்டுப் பையன் கல்லூரியில் முதல் ஆண்டு படிக்கிறான். ராஜேந்திரன் அவனைக் கூப்பிட்டுக் காகிதத்தைக் காட்டினார். அவன் எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"லீஷன்னு போட்டிருக்கு அத்தை. லீஷன்னா கட்டி. கீழே டியூபர்... டியூபர்குலோமா. டியூமர் மாதிரிதான் இருக்கு. எட்டு சென்டிமீட்டர் போல."

டியூமர் என்ற சொல் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தெருவில் ஒருவர் அதில்தான் இறந்தார்.

ராஜேந்திரன் அன்று இரவு சாப்பிடவில்லை. பாக்கியத்தின் இரண்டு சவரன் செயினை எடுத்துத் துணியில் முடிந்தார். "நாளைக்கே அடகு வைக்கிறேன். தனியார் ஆஸ்பத்திரியில தலையைத் திறந்து எடுத்துடலாம்" என்றார்.

மறுநாள் காலை ராஜேந்திரனின் அக்கா வந்தார்.

"அழாதே பாக்கியம். உனக்கு ஏதாவது ஆகறதுக்குள்ள மலருக்கு ஒரு வழி பண்ணிடுவோம். என் கொழுந்தன் மகன் இருக்கான். வலிப்பு வந்த வீட்டுல பெண் எடுக்க வேற யார் வருவாங்க?"

பாக்கியம் பதில் சொல்லவில்லை. ஆனால் மனத்தில் அதுவே ஓடியது. நாம் இல்லாவிட்டால் மலரை யார் பார்ப்பார்கள்?

மலர் மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். புத்தகம் மடியில் மூடிக் கிடந்தது.

3. வகுப்பில் ஒரு ஸ்கேல்

மாலையில் பாக்கியம் வகுப்புக்குப் போனார். படிக்கப் போகவில்லை. "இனி வர மாட்டேன்" என்று சொல்லத்தான் போனார். மலரும் கூட வந்தாள். ஆசிரியை எல்லாவற்றையும் கேட்டார். காகிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"அக்கா, இதில் உள்ள மருத்துவச் சொல் எனக்கும் தெரியாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி நான் சொல்லக் கூடாது. ஆனா நமக்குத் தெரிஞ்சது இதில் எவ்வளவு இருக்குன்னு முதல்ல பார்ப்போம்."

மூவரும் உட்கார்ந்தார்கள். மலர் பெயரைப் படித்தாள். பாக்கியம்தான். வயது 42. தேதி சரி. மருத்துவமனைச் சீட்டில் உள்ள எண்ணும் காகிதத்தில் உள்ள எண்ணும் ஒன்றே. ஆக, காகிதம் மாறவில்லை.

பாக்கியம் ஓர் எண்ணில் விரல் வைத்தார். "இது 8. இதுக்குப் பக்கத்துல என்ன எழுத்து மலர்?"

"எம், எம் அம்மா. இரண்டு எம்."

"சென்டிமீட்டருக்கு என்ன எழுத்து வரும்?"

"சி, எம். இது அது இல்லை அம்மா. இது மில்லிமீட்டர்!"

பாக்கியம் தன் பையிலிருந்து ஸ்கேலை எடுத்தார். பத்து மில்லிமீட்டர் சேர்ந்தால் ஒரு சென்டிமீட்டர். அது வகுப்பில் படித்ததுதான். எட்டுச் சிறு கோடுகளை எண்ணினார். அந்த இடத்தில் நகத்தை வைத்தார்.

"கொண்டைக்கடலை அளவுதான் இருக்கு" என்றார். பையன் சொன்ன அளவில் பத்தில் ஒரு பங்குதான் அது.

காகிதத்தின் கடைசியில் இரண்டு பெரிய சொற்கள் இருந்தன. இரண்டுக்கும் முன்னால் ஒரு குறி இருந்தது. பாக்கியம் அதைப் பார்த்தார்.

"டீச்சர், இது கேள்விக்குறிதானே? அப்போ எழுதினவருக்கே சந்தேகம்னு அர்த்தமா?"

ஆசிரியை சிரித்தார். "இதையே டாக்டரம்மாகிட்ட கேளுங்க அக்கா. இந்தக் காகிதம் ஒரு டாக்டர் இன்னொரு டாக்டருக்கு எழுதின கடிதம் மாதிரி. பதில் அவங்ககிட்டதான் இருக்கு. கேள்வி உங்ககிட்ட இருக்கு. மறந்து போகாம எழுதி வையுங்க."

பாக்கியம் நோட்டுப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்தார். மெதுவாக எழுதினார்.

1. எனக்கு இருப்பது புற்றுநோய்க் கட்டியா?
2. கேள்விக்குறி ஏன் போட்டிருக்கிறது?
3. காகிதத்தில் இடது பக்கம் என்று உள்ளது. படத்தில் வலது பக்கம் புள்ளி தெரிகிறது. எது சரி?
4. ஆபரேஷன் வேண்டுமா?
5. நான் என்ன செய்ய வேண்டும்? என்ன செய்யக் கூடாது?

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னார். "ஏங்க, செவ்வாய்க்கிழமை வரைக்கும் செயின் வீட்டிலேயே இருக்கட்டும். மலர் பேச்சும் அதுவரைக்கும் வேண்டாம்."

4. டாக்டரம்மா சொன்ன பதில்கள்

செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்தார். பாக்கியம் தாளை எடுத்து நீட்டினார். டாக்டரம்மா அதைப் படித்தார். நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டார்.

"நல்லாக் கேட்டிருக்கீங்க. ஒவ்வொன்றாச் சொல்றேன்.

"முதல் கேள்வி. இந்தப் படத்துல புற்றுநோய் மாதிரி எதுவும் தெரியலை. லீஷன்னா கட்டின்னு அர்த்தம் இல்லை. 'இந்த இடத்துல ஒரு மாற்றம் தெரியுது'ன்னு அர்த்தம். தழும்பா இருந்தாலும் லீஷன்தான். புண்ணா இருந்தாலும் லீஷன்தான். டியூபர்குலோமான்னா காசநோயால் வரும் சின்னக் கட்டி. டியூமர் வேற, இது வேற. காசநோய்க்கு மருந்து இருக்கு.

"இரண்டாவது கேள்வி. படத்துல ஒரு சின்ன வளையம் தெரியுது. இது மாதிரி வளையம் நம்ம நாட்டுல இரண்டு காரணத்தால் அதிகம் வரும். ஒண்ணு காசநோய். இன்னொண்ணு நாடாப்புழுவோட கூடு. படத்தை மட்டும் பார்த்து எதுன்னு உறுதியாச் சொல்ல முடியலை. அதனாலதான் இரண்டையும் எழுதிக் கேள்விக்குறி போட்டிருக்காங்க. அது தப்பு இல்லை. நேர்மை."

முன்பெல்லாம் இத்தகைய சிறு வளையத்தைக் காசநோய் என்றே பலரும் எண்ணினார்கள். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதை ஆராய்ந்தார்கள். பெரும்பாலானவை நாடாப்புழுவின் கூடுதான் என்று கண்டார்கள். வளையம் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். 20 மில்லிமீட்டருக்கும் சிறியதாக இருக்க வேண்டும். மூளையின் நடுக்கோடு நகராமல் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் புழுக்கூடாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

"உங்க வளையம் 8 மில்லிமீட்டர்தான். நடுக்கோடு நகரலை. காய்ச்சல், இருமல் இல்லை. புழுக்கூடுன்னுதான் நினைக்கிறேன். இருந்தாலும் காசநோய் இருக்கான்னு நெஞ்சையும் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துடுவோம்" என்றார் டாக்டரம்மா.

பாக்கியம் தலை குனிந்தார். "புழுவா? பன்றிக் கறி சாப்பிட்டால்தான் அது வரும்பாங்க. நான் அதைத் தொட்டதே இல்லை டாக்டரம்மா."

"வெட்கப்பட இதுல ஒண்ணும் இல்லைம்மா. சரியா வேகாத பன்றிக் கறி சாப்பிட்டா, குடலுக்குள்ள நாடாப்புழு வளரலாம். அவர் மலத்துல புழு முட்டை வெளியே வரும். அவர் கை கழுவாம சமைச்சாலும், அந்த மலம் தோட்டத்துல, தண்ணியில கலந்தாலும், முட்டை மத்தவங்க வாய்க்குப் போகும். அந்த முட்டையில இருந்துதான் மூளைக்குப் புழு போகுது. மாமிசமே தொடாதவங்களுக்கும் இது வரும்."

பாக்கியத்துக்குத் தன் கீரைக் கூடை நினைவுக்கு வந்தது.

"மூன்றாவது கேள்வி. இரண்டும் சரிதான். இந்தப் படம் நீங்க என் எதிர்ல இருக்கிற மாதிரி. உங்க இடது கை எனக்கு எந்தப் பக்கம் தெரியும்? வலது பக்கம். அதே மாதிரிதான் படமும். புள்ளி உங்க இடது மூளையில இருக்கு. இடது மூளைதான் வலது கையை இயக்கும். வலிப்பு முதல்ல எந்தக் கையில வந்தது?"

"வலது கையில!" என்றார் ராஜேந்திரன்.

"பாருங்க, படமும் நோயும் பொருந்துது. அதைத்தான் காகிதத்தோட கடைசி வரியில 'நோயாளியின் நிலையோடு பொருத்திப் பார்க்கவும்'னு எழுதியிருக்காங்க.

"நாலாவது கேள்வி. இப்போ ஆபரேஷன் வேண்டாம். இது மாதிரி சின்ன வளையம் பெரும்பாலும் மருந்துலயும் நாள் போக்குலயும் சுருங்கும். சிலருக்குச் சுண்ணாம்புப் புள்ளி மாதிரி தங்கும். மூணு மாசம் கழிச்சு இன்னொரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம்.

"ஐந்தாவது கேள்விதான் முக்கியம். வலிப்பு மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது. நல்லா இருக்கேன்னு நீங்களா நிறுத்தினா வலிப்பு திரும்ப வரும். நான் சொல்ற வரைக்கும் உயரத்துல ஏறாதீங்க. கிணறு, குளத்துல இறங்காதீங்க. அடுப்புப் பக்கம் தனியா இருக்காதீங்க. நேரத்துக்குத் தூங்குங்க."

"புழு மாத்திரையைக் கடையிலயே வாங்கிக் கொடுத்துடட்டுமா?" என்று கேட்டார் ராஜேந்திரன்.

"கூடாது. மூளையில புழுக்கூடு சாகும்போது சுற்றிலும் வீங்கும். அந்த வீக்கத்துக்கும் மருந்து கொடுக்கணும். எப்போ, எவ்வளவுன்னு டாக்டர்தான் சொல்லணும்."

வெளியே வந்ததும் ராஜேந்திரன் மடியில் கை வைத்துப் பார்த்தார். செயின் முடிச்சு அங்கேயே இருந்தது. அதை அவிழ்த்து மனைவியிடம் கொடுத்தார்.

5. ஸ்கேன் அறிக்கையைப் பார்ப்பது எப்படி?

தலைக்கு எடுக்கும் ஸ்கேன் இரண்டு வகை.

சி.டி. ஸ்கேன் எக்ஸ்ரே கதிரால் எடுப்பது. சில நிமிடங்களில் முடியும். கருவுற்ற பெண்கள் அதை முன்பே சொல்ல வேண்டும். 1971-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் முதல் நோயாளிக்கு இந்த ஸ்கேன் எடுக்கப்பட்டது.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் காந்தத்தால் எடுப்பது. அதிக நேரம் ஆகும். பெரிய சத்தம் கேட்கும். அதனால் வலி இல்லை. நகை, சாவி, ஊக்கு எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. உடம்புக்குள் இரும்புத் துண்டோ, இதயக் கருவியோ இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும்.

சில நேரம் ஊசி வழியாக ஒரு மருந்து செலுத்திப் படம் எடுப்பார்கள். சிறுநீரக நோயோ ஒவ்வாமையோ இருந்தால் முன்பே சொல்ல வேண்டும்.

அறிக்கையில் பொதுவாக நான்கு பகுதிகள் இருக்கும்.

முதல் பகுதி: பெயர், வயது, தேதி, எண். இதை நாமே சரிபார்க்கலாம். தவறு இருந்தால் உடனே சொல்ல வேண்டும்.

இரண்டாம் பகுதி: எதற்காக, எப்படி எடுத்தார்கள் என்பது.

மூன்றாம் பகுதி: படத்தில் கண்டவை. இதை ஃபைண்டிங்ஸ் என்பார்கள். இதுதான் நீளமாக இருக்கும். இதில் நிறைய வரிகள் 'இல்லை' என்று சொல்லும். இரத்தக் கசிவு இல்லை, நடுக்கோடு நகரவில்லை என்று இருக்கும். நோயின் பெயர் கண்ணில் பட்டதும் பயப்படக் கூடாது. அது 'இல்லை' என்று சொல்லும் வரியாகவும் இருக்கலாம்.

நான்காம் பகுதி: முடிவுரை. இதை இம்ப்ரெஷன் என்பார்கள். சில வரிகளே இருக்கும். மருத்துவரிடம் முதலில் இதைப் பற்றிக் கேட்க வேண்டும்.

அடிக்கடி வரும் சில சொற்கள்:

நார்மல் – இயல்பாக உள்ளது.
லீஷன் – மாற்றம் தெரியும் இடம். எந்த நோய் என்று இந்தச் சொல் சொல்லாது.
எடிமா – வீக்கம்.
ஹெமரேஜ் – இரத்தக் கசிவு.
இன்ஃபார்க்ட் – இரத்தம் போகாமல் கெட்டுப்போன பகுதி. இதனால் பக்கவாதம் வரும்.
அட்ரோஃபி – சுருக்கம். வயதானவர்களுக்கு ஓரளவு இது இயல்பே.
கால்சிஃபிகேஷன் – சுண்ணாம்பு படிந்த புள்ளி. பழைய தழும்பாகவும் இருக்கலாம்.

இச்சொற்களைத் தெரிந்துகொள்வது கேள்வி கேட்கத்தான். நாமே நோயை முடிவு செய்ய அல்ல. ஒரே சொல் ஒருவருக்குச் சிறிய செய்தி. இன்னொருவருக்குப் பெரிய செய்தி. நோயாளியை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் அதைப் பிரித்துச் சொல்ல முடியும்.

ஆனால் சில நேரம் செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்கக் கூடாது. திரும்பத் திரும்ப வலிப்பு, தாங்க முடியாத தலைவலி, விடாத வாந்தி, ஒரு பக்கக் கை கால் விழுவது, வாய் கோணுவது, நினைவு மங்குவது. இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

6. வலிப்பு வந்தால்

நோயாளியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். கழுத்துப் பக்கம் துணியைத் தளர்த்துங்கள். அருகில் உள்ள கல், அடுப்பு, கூர்மையான பொருள்களை அகற்றுங்கள். எவ்வளவு நேரம் இழுக்கிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

கை காலை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயில் தண்ணீரோ கரண்டியோ வைக்காதீர்கள். சாவியோ இரும்போ கையில் கொடுப்பதால் வலிப்பு நிற்காது. வலிப்பு பெரும்பாலும் தானாகவே நிற்கும். அப்போது கையில் சாவி இருப்பதால், சாவிதான் நிறுத்தியது என்று எண்ணிவிடுகிறோம்.

வலிப்பு சாபம் அல்ல. தொட்டால் ஒட்டிக்கொள்ளாது. வலிப்பு உள்ளவர்கள் படிக்கலாம், வேலை செய்யலாம், திருமணம் செய்துகொள்ளலாம். இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாக எழுதப்பட்டிருந்தது. 1999-ஆம் ஆண்டு அது நீக்கப்பட்டது.

7. மூன்று மாதம் கழித்து

எக்ஸ்ரேயில் நெஞ்சு நன்றாக இருந்தது. பாக்கியம் மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டார். சுவரில் நாள்காட்டி மாட்டி, தினமும் ஒரு கோடு போட்டார். வலிப்பு திரும்ப வரவில்லை.

மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். பழைய படத்தையும் பழைய காகிதத்தையும் பாக்கியம் ஒரே பையில் கொண்டு போனார். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க அவை தேவை. புதிய காகிதம் கையில் வந்ததும் அங்கேயே நின்று தேடினார். பெயர் சரி. தேதி சரி. அதோ எண். அதன் பக்கத்தில் இரண்டு எம்.

"ஏங்க, முன்னே 8 இருந்தது. இப்போ 3" என்றார்.

டாக்டரம்மாவும் அதையே சொன்னார். "சுருங்கிடுச்சு. ஆனா மாத்திரையை இன்னும் நிறுத்தக் கூடாது."

ராஜேந்திரனின் அக்கா மறுபடி மாப்பிள்ளைப் பேச்சை எடுத்தார். பாக்கியம் அமைதியாகச் சொன்னார். "பெண்ணுக்குப் பதினெட்டு வயசு நிறையாம கல்யாணம் பண்ணறது குற்றம் அண்ணி. அது போகட்டும். அவ படிக்கட்டும். அன்னைக்கு அந்த இரண்டு எம்மைப் படிச்சது அவதான்."

இப்போது பாக்கியம் கீரை விற்கும்போது ஒரு சொல் சேர்த்துச் சொல்கிறார். "நல்ல தண்ணியில மூணு தடவை அலசிட்டுச் சமைங்கம்மா." வீட்டில் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார்கள். கழிப்பறையைத் தவிர வேறெங்கும் போவதில்லை.

அந்த ஐந்து கேள்வித் தாள் இன்னும் ஸ்கேன் பையில்தான் இருக்கிறது. அதன் அடியில் பாக்கியம் ஆறாவது கேள்வியை எழுதி வைத்திருக்கிறார்.

"மாத்திரையை எப்போது நிறுத்தலாம்?"

அடுத்த முறை போகும்போது கேட்பதற்காக.

பயிற்சி

விடை சொல்லுங்கள்:
1. எதிர்வீட்டுப் பையன் செய்த இரண்டு தவறுகள் எவை?
2. அறிக்கையில் கேள்விக்குறி ஏன் இருந்தது?
3. மாமிசம் சாப்பிடாதவருக்கும் மூளையில் புழுக்கூடு எப்படி வருகிறது?
4. மாத்திரையை நாமே நிறுத்தினால் என்ன ஆகும்?

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்:
1. 10 மில்லிமீட்டர் = ______ சென்டிமீட்டர்.
2. இடது மூளை ______ கையை இயக்கும்.
3. வலிப்பு ______ நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

செய்து பாருங்கள்:
1. ஸ்கேலில் 8 மில்லிமீட்டரையும் 8 சென்டிமீட்டரையும் அளந்து கோடு போடுங்கள்.
2. உங்கள் வீட்டில் உள்ள ஒரு மருத்துவச் சீட்டை எடுங்கள். அதில் பெயர், வயது, தேதி எங்கே உள்ளன என்று பாருங்கள்.
3. அடுத்த முறை மருத்துவரிடம் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை எழுதுங்கள்.